வேல்விழி வாங்கிய ஏர் ரைபிள்

வேல்விழிக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம். ஒரகடத்தில் காருக்கு சீட் தைக்கும் கம்பெனியில் வேலை. வடக்குப்பட்டில் லூர்தம்மாள் வீட்டு மாடியில் இன்னும் மூன்று பெண்களோடு தங்கியிருந்தாள். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து ரைபிள் பிடித்துப் பழகிய கை அவளுடையது. வேலைக்கு வந்ததோடு அதெல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தாள். வாலாஜாபாத் போகும் வழியில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்று இருப்பது தெரிந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேலையை விட்டுவிட்டு அங்கே போக ஆரம்பித்தாள்.

கிளப் ரைபிள்களுக்கு எப்போதும் ஆள் காத்திருக்கும். சொந்தமாக ஒன்று இருந்தால் தேவலை என்று கம்பெனியில் பேச்சுவாக்கில் சொன்னதை, கூட வேலை செய்யும் மணிகண்டபிரபு பிடித்துக்கொண்டான். மதுரைப் பக்கத்துப் பையன்.

"எங்கிட்ட ஒண்ணு சும்மாதேன் கெடக்கு. பாயின்ட் டூ டூ. நீயே வச்சுக்க. ஏர்கன்னுக்கு லைசென்ஸ்லாம் வேணாம்ல."

வேல்விழிக்கு ஒரே சந்தோஷம். கிளப்பில் கற்றுக்கொடுக்கும் யாக்கோபிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"அத்தத் தொடாத," என்றார் அவர். "குண்டு சைஸு பாயின்ட் ஒன் செவன் செவன், அதோட சக்தி இருபது ஜூலுக்குள்ள இருந்தாதான் லைசென்ஸ் வாணாம். டூ டூ அதவிடப் பெருசு, கண்டிப்பா வேணும். வாங்குன நீயும் மாட்டுவ, குடுத்த அவனும் மாட்டுவான்."

மறுநாள் இதைக் கேட்டதும் மணிகண்டபிரபுவின் முகம் வெளுத்துவிட்டது. அதை என்ன செய்வது என்று கேட்க அன்றைக்கே தெரிந்த வக்கீல் ஒருவரைத் தேடிக் கிளம்பினான்.

வேல்விழி சென்னைக்குப் போய்க் கடையிலேயே ஒன்று வாங்கினாள். யாக்கோபு சொன்ன அதே சைஸ், நாலரை மில்லிமீட்டர் குண்டு போடுவது. ஆதாரை வாங்கிப் பார்த்தார்கள், விலாசம் கேட்டார்கள், பெயரைப் பதிந்துகொண்டார்கள். நீளமான கறுப்பு உறைக்குள் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மாடிப்படியில் லூர்தம்மாள் மறித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது?"

"ஏர் ரைபிள்க்கா. போட்டிக்குச் சுடுதது."

"துப்பாக்கியா! என் வூட்ல துப்பாக்கியா? நாளைக்கு போலீஸு வந்து நின்னா எவ பதில் சொல்றது? இது வெளிய போவணும், இல்ல நீ போவணும்."

வேல்விழி உறையைக் கீழே வைக்காமல் ரசீதை எடுத்து நீட்டினாள். "போலீஸ் வாரதுக்கு முன்னாடி நாமளே போயிருவோம்க்கா. அவங்க தப்புன்னு சொல்லிட்டா நான் இப்பவே திருப்பிக் குடுத்திருதேன்."

லூர்தம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. ஆயுசில் ஸ்டேஷன் படி ஏறாதவள். இருந்தாலும் புடவையை மாற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு மதிவதனி, உறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ரசீதையும் பார்த்தார்.

"இதுக்கு லைசென்ஸ் தேவையில்லம்மா. அதுக்காக பொம்மைன்னு நெனச்சிடாத. பூட்டி வை. ரோட்ல வெளிய எடுக்காத. யார் முன்னாடியாவது நீட்டி மெரட்டினா கேஸுதான்."

"குண்டு பட்டா ஆளு செத்துருவாங்களா மேடம்?" லூர்தம்மாள் மெல்லக் கேட்டாள்.

"படக்கூடாத எடத்துல பட்டா ஆபத்துதான். அதான் பூட்டி வைக்கச் சொல்றேன்."

திரும்பி வரும்போது லூர்தம்மாள் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு ரகசியம்போல, "ஏம்மா, வூட்டுக்குப் பின்னாடி என் தக்காளிச் செடியெல்லாம் மயிலு வந்து தின்னுட்டுப் போவுது. ஒரே ஒரு வாட்டி..." என்று இழுத்தாள்.

"ஐயோ அக்கா! மயிலைச் சுட்டா ரெண்டு பேரும் உள்ளதான்!"

லூர்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த பழைய புடவைகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். அங்கே ரைபிள் குறுக்குவாட்டில்தான் நுழைந்தது. பூட்டிவிட்டு, சாவியைத் தாலிச்செயினில் கோத்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் காலையில் அவளே வேல்விழியை எழுப்பி எடுத்துக் கொடுப்பாள்.

மாவட்டப் போட்டிக்கு லூர்தம்மாளும் வந்தாள். பயங்கரச் சத்தம் கேட்கப்போகிறதென்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், முதல் குண்டு போனதும் பஞ்சை எடுத்துவிட்டு, "அவ்ளோதானா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள்.

வேல்விழிக்கு மெடல் கிடைக்கவில்லை, நாலாவதாக வந்தாள். ஆனால் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்க அந்தப் புள்ளி போதும் என்றார் யாக்கோபு. வேல்விழி ரைபிளை உறைக்குள் வைத்து மூடினாள்.

"அது எந்த ஊர்ல நடக்குது?" என்று லூர்தம்மாள் அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். "தங்குறதுக்கு எடம் நல்லா இருக்குமா? இத வெச்சுப் பூட்ட பீரோ இருக்குமா, அதைச் சொல்லுங்க மொதல்ல."