நாற்பத்தொரு துணிகள்

தங்கப்பொண்ணு பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் வயலில் நடவும் களையெடுப்புமாக இருபது வருஷம் உழைத்த பிறகு, அவளும் புருஷன் அழகுமலையும் வாடிப்பட்டிக்குத் தெற்கே, தங்கள் காலனியை ஒட்டி அறுபது சென்ட் வாங்கி மல்லிகை போட்டார்கள். விடிவதற்குள் மொட்டுப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, முதல் பஸ்ஸில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலைதான். ஆனாலும், ஏன் இம்புட்டு நேரம் என்று யாரும் கேட்காத வேலை அவளுக்கு அதுதான் முதல்.

செடி நன்றாகப் பிடித்துப் பூக்கிற சமயத்தில் காலனிக்குப் பின்னால் ஒரு கம்பெனி வந்தது. பழைய லாரி டயர்களைப் பெரிய இரும்பு உருளையில் போட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுப்பார்கள். முதலில் ஊருக்கு வடக்கே இடம் பார்த்ததாகவும், அந்தப் பக்கத்து ஆட்கள் கூடாது என்றதும் இங்கே வந்துவிட்டதாகவும் பின்னால்தான் தெரிந்தது. காலனியில் யாரையும் யாரும் கேட்கவில்லை. ஒன்பது பேருக்கு வேலை மட்டும் கொடுத்தார்கள். அழகுமலையின் தம்பி சிவபாண்டி அதில் ஒருத்தன்.

ஒரே மாதத்தில் மொட்டின் மேல் கரி படிய ஆரம்பித்தது. அலசினால் கரி போகும், ஆனால் மொட்டும் கறுத்துச் சுருங்கிவிடும். மார்க்கெட்டில் பூவை எடை போடாமலே திருப்பி அனுப்பினார்கள். மூடாத தண்ணீர்க் குடத்தில் கரி, காயப்போட்ட சீலையில் கரி, பிள்ளைகள் மூக்குச் சிந்தினால் அதிலும் கரி. தங்கப்பொண்ணு கம்பெனி கேட்டில் போய்க் கேட்டாள். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். வடிகட்டி வந்துகொண்டிருக்கிறது, பத்து நாளில் சரியாகிவிடும் என்றார். மூன்று மாதம் ஆனது.

அதற்கப்புறம்தான் மனு. திங்கட்கிழமை மனு வாங்குகிற கலெக்டர் ஆபீஸுக்கு மதுரைக்குப் பஸ் ஏறினாள். முதல் தடவை காலனியிலிருந்து பதினாலு பேர் கூட வந்தார்கள். அடுத்த தடவை ஆறு பேர். மூன்றாவது தடவை அவள் மட்டும்தான். கூலிக்குப் போகிறவர்களைத் திங்கட்கிழமைதோறும் வா என்று எந்த வாயால் கூப்பிடுவது? ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் இரண்டு தடவை எழுதி வாங்கினாள். பிறகு பழைய மனுவைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றித் தானே எழுதப் பழகிக்கொண்டாள். படித்தது ஐந்தாவது வரைதான். ஒரு பக்கம் எழுதி முடிக்க அரை நாள் ஆகும்.

கடைசியில் அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். எப்படித் தெரிந்ததோ, முந்தின நாளே கம்பெனியில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். புகை இல்லை, குறை எதுவும் தென்படவில்லை என்று எழுதிக்கொண்டு ஜீப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் சிவபாண்டி வந்து அண்ணனிடம் சத்தம் போட்டான். மதினியால் ஒன்பது குடும்பத்துச் சோற்றில் மண் விழப்போகிறது என்றான். தம்பி போனபிறகு அழகுமலை, "விட்டுத் தொலை புள்ள, நமக்கெதுக்கு" என்றார். அவள் விடத்தான் நினைத்தாள். ஆனால் மறுநாள் விடியற்காலை மறுபடி அடுப்பு பற்றியது. பறித்த மொட்டில் விரல் கறுத்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அழகுமலையின் பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்தாள். தினமும் சாயங்காலம் ஒரு துண்டைத் துணி காயப்போடும் கொடியில் கட்டுவாள். காலையில் அவிழ்த்து, மூலையில் பேனாவால் தேதி எழுதி மடித்து வைப்பாள். அவள் காய்ச்சலாகக் கிடந்த இரண்டு நாள் அழகுமலையே கட்டி அவிழ்த்தார். அதற்கிடையில் அதிகாரிகள் இன்னொரு தடவை வந்தார்கள்; அதற்கும் முந்தின நாளே அடுப்பு அணைந்திருந்தது, முன்போலவே எழுதிக்கொண்டு போனார்கள்.

நாற்பத்தொரு துணி சேர்ந்ததும் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போனாள். மனுவை வாங்கியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் இன்ஜினியர். பையை விரித்து ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். எல்லாம் கறுத்துக் கிடந்தன. இரண்டு மட்டும் பளிச்சென்று இருந்தன.

"இந்த ரெண்டு மட்டும் ஏம்மா வெள்ளையா இருக்கு?"

"தேதியப் பாருங்க மேடம். அப்பத்தான் இங்கருந்து ஆளுக பாக்க வந்தாக."

இன்ஜினியர் அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டார். அந்த வாரமே, யாரிடமும் சொல்லாமல் விடியற்காலையில் தானே வந்தார். இரண்டு மாதத்தில் கம்பெனிக்குப் பூட்டுப் போட உத்தரவு வந்தது.

காலனியில் யாரும் கொண்டாடவில்லை. ஒன்பது வீட்டில் வேலை போயிருந்தது. குழாயடியில் சிலர் அவளைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கரி குடித்த செடிகளில் பாதி பட்டுப்போயிருந்தன. அவற்றைப் பிடுங்கிப் புதுக் கன்று வைத்தார்கள். தங்கப்பொண்ணுக்கு முழங்கால் வீங்கி, குனிந்து பூப்பறிப்பதே பெரும்பாடானது. ஜெயித்துவிட்டாய் என்று யாராவது சொன்னால், படுக்கலாம் போலிருக்கிறது என்றுதான் பதில் சொல்வாள்.

ஆறு மாதம் கழித்து முனியாயி என்று ஒருத்தி விசாரித்துக்கொண்டு வந்தாள். எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அவளுடைய காலனிக்குப் பின்னால் அதே உருளைகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை மட்டும் வேறு. "நீங்க ஒரு தடவ எங்ககூட மதுரைக்கு வந்தாப் போதும்க்கா" என்றாள். தங்கப்பொண்ணு அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மனு எப்படி எழுதுவது, யாரைப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கூட வருவதாக மட்டும் சொல்லவில்லை. முனியாயி போனபிறகு, அவள் குடித்த டம்ளரைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சிவபாண்டி இப்போது அந்தப் புது இடத்துக்குத்தான் வேலைக்குப் போகிறான். தினமும் காலையில் அவள் வீட்டைத் தாண்டித்தான் வண்டி போகும். ஒரு வருஷமாகத் திரும்பிக்கூடப் பார்க்காதவன், போன வாரம் வண்டியை நிறுத்தினான். இருமி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"மதினி, அங்கயும் பொம்பளைக கேட்ல வந்து நிக்கிறாக."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல."

மறுபடி இருமி அவன் வாயைத் துடைத்த துண்டு கறுத்திருந்தது. அப்புறம் நேரமாச்சு என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.