நான்கு பேருக்கு ஒரு பெயர்

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என் வயதை விரல்விட்டு எண்ணிவிடுவீர்கள். இந்தியாவில் ஒரு பெரியவர் காலமான வருடத்தில் பிறந்தவன் நான். அந்த வருடம் பிறந்த ஆண்பிள்ளைக்கு வேறு பெயர் வைப்பதை எங்கள் ஆட்கள் பாவம் என்றே நினைத்திருக்க வேண்டும். இலங்கையில், கஹவத்தை பஸ்ஸில் போய் இறங்கி, அப்புறமும் மலை ஏற வேண்டிய எங்கள் ரப்பர் தோட்டத்தில் மட்டும் அந்தப் பெயரில் நான்கு பேர் இருந்தோம். நால்வரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

பெரியவர் போன செய்தி வந்த அன்று, ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்களாம். கடையில் இருந்த ஒரே ரேடியோவைச் சுற்றி நின்று அழுதிருக்கிறார்கள். சிலர் மொட்டைகூடப் போட்டுக்கொண்டார்கள். அவரை நேரில் பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்ள அக்கரையில் ஒருவர் இருந்தார், இப்போது அவரும் இல்லை என்ற துக்கம் இருந்தது. அதற்குப் பிறகு பிறந்த பையன்களை எல்லாம் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, "அவருதான் வந்து பொறந்திருக்காரு" என்றார்களாம். ஒரே மனிதர் நான்கு வீட்டில் எப்படிப் பிறப்பார் என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்தபோது அவர் மூளையை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று கணக்குப் பாடத்தின்போது மாஸ்டர் சொல்வார்.

அதே வருடக் கடைசியில்தான் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, எங்கள் ஆட்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டன. தொட்டிலில் கிடந்த எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

பெயர் ஒன்று, ஆள் நாலு என்றால் பட்டப்பெயர் வராமல் இருக்குமா? சந்திக் கடை சிங்கள முதலாளி, நெட்டையாக இருந்தவனை லொகு என்றும், குட்டையாக இருந்தவனைப் பொடி என்றும் கூப்பிட்டார். அவருடைய பாஷையில் பெரியது, சின்னது. மூன்றாமவனுக்குத் தலைமுடி சுருள் சுருளாக இருந்ததால் சுருட்டை. எனக்குப் பன்னிரண்டு மாதமும் மூக்கு ஒழுகும். நான் சளி.

மாஸ்டர்கூட வரவு பார்க்க இடாப்பு கூப்பிடும்போது பட்டப்பெயரை முன்னால் சேர்த்துத்தான் கூப்பிடுவார். என் முறை வந்ததும் பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வீட்டில் மட்டும்தான் எனக்கு முழுப் பெயர். அப்பா அதை ஒரு எழுத்துக்கூடக் குறைக்க மாட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் துரை பேர் வாசிப்பது மாதிரி, அடுப்படியில் இருக்கும் என்னை வாசலில் நின்று முழுதாகக் கூப்பிடுவார். அதே மாதிரி, முன்னால் எந்த ஒட்டும் இல்லாமல், மாஸ்டர் ஒரு நாளாவது என்னைக் கூப்பிட வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு பெரிய ஆசை இருந்ததாக நினைவில்லை.

பெரியவர் இறந்த நாளை வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் கொண்டாடுவோம். இறந்த நாளைக் கொண்டாடலாமா என்று கேட்காதீர்கள், எங்களுக்கு அது கொண்டாட்டம்தான். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், கலண்டரிலிருந்து வெட்டிக் கண்ணாடி போட்ட படத்தைக் கொண்டுவந்து மாட்டி, அரளி மாலை போடுவார். நாங்கள் நால்வரும் படத்துக்குக் கீழே வரிசையாக, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நிற்க வேண்டும். அவர் எங்களைக் கையால் காட்டி, "அவரு போகல. இந்தா நிக்கிறாரு, நாலு பேரா!" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். கடைசியில் எங்கள் நால்வருக்கு மட்டும் ஆளுக்கொரு காகிதச் சுருள் பூந்தி. சீனித் தட்டுப்பாடு வந்த பிறகு அது வறுத்த கச்சானாக, அதாவது நிலக்கடலையாக, மாறியது. நாங்கள் அதையும் பெஞ்சில் வைத்துக் கலந்து, மறுபடி நாலாகப் பிரித்துத்தான் தின்போம். பிரிப்பது சுருட்டை. தனக்கு ஒன்றிரண்டு கூட எடுத்துக்கொள்வான்.

முதலில் போனது பொடி. அவன் வீட்டில் குடியுரிமை கேட்டு இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள், பாஸ்போர்ட் வந்துவிட்டது. கப்பலேறத் தலைமன்னார் ரயிலைப் பிடிக்க லொறியில் சாமான் ஏற்றும்போது, லயமே கூடி நின்று சாவீட்டில் அழுகிற மாதிரி அழுதது. அடுத்த வருடம் லொகு போனான். என் அப்பா இங்கேயே இருக்க இலங்கைக்கு எழுதிப் போட்டிருந்தார். எங்களுக்குப் பதிலே வரவில்லை.

சுருட்டை போகிற அன்று லொறிக்குப் பக்கத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"டேய் சளி, இனிமே பேரு ஒனக்குத்தான். வச்சுக்க."

"அப்ப ஒனக்கு?"

"அங்க இந்தப் பேருல தெருவுக்குத் தெரு இருப்பானுங்களாம். எங்கப்பா சொன்னாரு. எனக்கு மறுபடி ஏதாச்சும் பட்டப்பேரு வப்பானுங்க."

அவன் அம்மா அவனைத் தூக்கி லொறியில் விட்டாள். லொறி ரப்பர் மரங்களுக்குள் திரும்பும்வரை அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழவில்லை. பெயர் என்னுடையதாகிவிட்டது என்ற நினைப்பே பெரிதாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பழைய இடத்தில், பெஞ்சின் ஓரத்தில், போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஆள் இல்லாததால் பெஞ்சு தூக்கிக்கொண்டு என்னைக் கீழே தள்ளியது. எழுந்து நடுவில் உட்கார்ந்துகொண்டேன். மாஸ்டர் இடாப்பைத் திறந்தார். என் பெயரைக் கூப்பிட்டார். வெறும் பெயரை.

நான் பெஞ்சின் இரண்டு பக்கமும் பார்த்தேன். லொகுவா, பொடியா, யாரைக் கூப்பிடுகிறார் என்று காத்திருந்தது போல இருந்தேன். மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீதான்டா. வேற யாரு இருக்கா?"

"வந்தேன் சார்" என்றேன். பெண்பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்குள் கப்பலேறிவிட்டார்கள்.

அந்த வருட நினைவு நாளன்று மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் தோட்டத் தலைவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. படத்துக்குக் கீழே நான் ஒருவனாக நின்றேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் ஒரு பக்கம் லொகுவின் முழங்கை இடிக்கும், மறு பக்கம் சுருட்டை கிள்ளுவான். தலைவர் வழக்கம்போலக் கையை நீட்டி, "அவரு போகல. இந்தா நிக்கிறாரு, நாலு..." என்று தொடங்கி நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சை அதோடு முடித்துவிட்டு, கொண்டுவந்திருந்த நான்கு சுருள் கச்சானையும் என் கையில் வைத்துவிட்டார். பழக்க தோஷத்தில் நான்காகக் கட்டி வந்துவிட்டார் போலும்.

சட்டைக்குள் வைத்து நனையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு இரண்டு பக்கமும் இருந்த வீடுகள் பூட்டிக் கிடந்தன. தரையில் சாக்கை விரித்து, பெஞ்சில் உட்கார்ந்த வரிசைப்படி சுருள்களை வைத்தேன். லொகு, பொடி, சுருட்டை, ஓரத்தில் என்னுடையது. தின்னத் தோன்றவில்லை. எவ்வளவோ நாள் ஆசைப்பட்டது கைக்கு வந்த பிறகும் சந்தோஷம் ஏன் வரவில்லை என்று புரியாமல், அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, விறகோடு உள்ளே வந்தார். சுருள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பா, இந்தப் பேருக்கு இப்ப தோட்டத்துல நான் ஒருத்தன்தான்" என்றேன்.

அவர் விறகை இறக்கி வைத்தார். வந்து, லொகுவின் சுருளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஓரத்தில் இருந்த என் சுருளை என் பக்கம் நகர்த்தினார்.

"சளி, ஒன் பங்க மொதல்ல தின்னுடா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உலகத்தில் ஒருவராவது அப்படிக் கூப்பிடாமல் இருந்தார், இப்போது அவரும் கூப்பிட்டுவிட்டார். ஓவென்று அழுதேன். அப்பா தன் இடுப்புச் சாரத்தின் நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, மறுபடியும் "தின்னுடா சளி" என்றார். அப்படிக் கூப்பிட்ட மூவரும் போய்விட்டார்களே என்றுதான் அவர் கூப்பிடுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்து கிடைத்த பெயரை அப்பா கெடுத்துவிட்டார், அதற்காகத்தான் அழுகிறேன் என்று அன்றைக்கு முழுமனதாக நம்பினேன்.