முசியே முழுங்கின பாதி வரி

பிரெஞ்சுக்காரன் கிளம்பிப் போன மறு வருஷம், காலேஜ் படிக்கிறேன்னு ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர் வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தேன். மீசைக்கு மெழுகு தடவி, வீட்டுக்குள்ளயே பூட்ஸ் போட்டு டக்கு டக்குன்னு நடக்குற ஆளு. தெருவே அவரை முசியேன்னுதான் கூப்புடும், பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம்.

தினம் சாயந்தரம் பைபிள் வரியில பேரப்பிள்ளைங்க பேரைச் சொருகி ஜெபம் பண்ணுவாரு. போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் காப்பார்னு ஒரு வரி. பெரிய பேரனுக்கு மட்டும், "ஜோசப் வரும்போது காப்பார்"னு முடிச்சுடுவாரு. அவன் பிரான்சுக்குக் கப்பலேறத் துடிச்சுக்கிட்டிருந்தான்.

"போகும்போதுங்கறத ஏன் முசியே முழுங்குறீங்க?"

"சும்மா இரு தம்பி. அதைச் சொன்னா, நான் சம்மதிச்சுட்டேன்னு ஆண்டவர் எடுத்துப்பாரு."

ஆண்டவர் எப்படி எடுத்துக்கிட்டாரோ, பையன் கிளம்பிட்டான். கப்பல் கடலுக்குள்ள தள்ளி நின்னுச்சு. அலை தூக்கிப் போடுற படகுல அவனை ஏத்துனாங்க. கரையில முசியே தொப்பியக் கழட்டிட்டு, "ஜோசப் போகும்போது காப்பார்"னு கத்துனாரு. அடுத்த பாதி வாயில வரல. மீசை மட்டும் ஆடுச்சு.

"வரும்போதும் காப்பார்"னு மிச்சத்தை நான்தான் கத்துனேன். நான் மாரியம்மன் கோயிலுக்கே ஒழுங்கா போகாதவன்.