பன்னிரண்டாம் ரீல்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டவள் அவள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் இஸ்திரி அக்கா. தான் உண்டு, தன் மெஷின் உண்டு என்று இருப்பவள். அப்படிப்பட்டவள் ஒரே சினிமாவை இருபத்தாறு நாள் தொடர்ந்து பார்த்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். கூட வேலை பார்த்த அத்தனை பேரும் சாட்சி.

அது அவள் தம்பி செத்த மாதம். பைக்கில் போனவன் திரும்பவில்லை. தாயில்லாத பிள்ளை, இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். அப்போது கல்யாணமும் ஆகவில்லை. இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் வெறும் வீட்டுக்குப் போகப் பயந்து, எதிரே இருந்த தியேட்டருக்குள் நுழைந்தாள். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை.

மாயாஜாலப் படம். மேகத்துக்கு நடுவே ஒரு தீவு, கதை பேசும் மீன்கள், ஆள் உயரத்துக்குக் காளான்கள். காற்றிலேயே படகு ஓட்டி இரண்டு பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறான் ஒரு படகுக்காரன். தெற்றுப்பல் தெரிய அவன் சிரித்தால், அடடா, தம்பியேதான். அந்தப் படகுக்காரன் ராட்சதனோடு மல்லுக்கட்டி மேகத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அக்கா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அதே படகுக்காரன் சிரித்துக்கொண்டே படகை ஓட்டி வருகிறான்! எப்படிப் பிழைத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாயாஜாலப் படத்தில் காரணம் கேட்பார்களா என்ன? கடைசியில் பிள்ளைகள் மட்டும் கரை இறங்கினார்கள். இறக்கிவிட்டுத் தன் தீவுக்குப் போயிருப்பான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். தம்பி போன பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டாள்.

அப்புறம் தினமும் போனாள். கிறுக்கு முற்றிவிட்டது என்று சலவைக்கூடமே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன. படம் மாறிய பிறகும் அந்தக் கதை அவளை விடவில்லை. பிற்பாடு மகளுக்குத் தாலாட்டாகச் சொன்னதும் அதே கதைதான்.

மகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து வீட்டு டிவியில் போட்டாள். படகுக்காரன் விழுந்தான். "பாரு, இப்ப வருவான்" என்றாள் அக்கா. வரவில்லை. பிள்ளைகள் அழுதபடி கரை இறங்கினார்கள், படம் முடிந்தது. சிரித்துக்கொண்டு படகு ஓட்டும் காட்சி அவன் விழுவதற்கு முன்னாலேயே வந்துபோயிருந்தது.  அக்காவுக்குத் தம்பி இரண்டாம் தடவை செத்த மாதிரி இருந்தது.

மறுநாளே தியேட்டரின் பழைய ஆபரேட்டரைத் தேடிப் போனாள். கிழவர் வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். பார்த்த உடனே அவருக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்றாம் வரிசை, ஓரத்து நாற்காலி என்றார். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மொத நாள் என் தப்பும்மா. பன்னெண்டாவது ரீலுக்கு முன்னாடி பதிமூணை மாட்டிட்டேன். செத்தவன் எழுந்து வர்றான், ஜனங்க கத்துவாங்கன்னு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். நீ மட்டும் எழுந்து நின்னு கை தட்டுற."

"அப்புறம் சரி பண்ணியிருக்கலாமே?"

"மறுநாள் சரியாத்தான் எடுத்து வச்சேன். மணியடிக்கிறதுக்கு முன்னாடியே நீ வந்து உக்காந்துட்ட. மனசு வரல, மறுபடி மாத்தியே மாட்டினேன். மேனேஜர் வேலையை விட்டே தூக்கிடுவேன்னார். படப்பெட்டியே இப்படித்தான் வந்துச்சுன்னு சாதிச்சுட்டேன்."

எதற்காக இருபத்தாறு நாளும் மாற்றி ஓட்டினார் என்று அவளும் கேட்கவில்லை, யார் போய்விட்டார்கள் என்று அவரும் கேட்கவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அவர் வாரைத் தைத்து முடித்தார்.

வீட்டுக்கு வந்து மகளை மறுபடி படம் போடச் சொன்னாள். படகுக்காரன் விழுந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"இப்ப கொஞ்சம் பின்னாடி தள்ளுடி. அவன் படகு ஓட்டுற எடத்துக்கு."

மகள் தள்ளினாள். தெற்றுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டே அவன் வந்தான்.