வெறுந்தொட்டில்

காளியாயிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அந்தத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை. இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு அந்தப் பக்கம் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு அவள்தான் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விடிந்ததும் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கூரைச் சட்டத்தில் தாய்மாரின் பழைய சேலைகள் தொட்டில்களாகத் தொங்கும். இரண்டு தொட்டில்களின் கயிறுகளை இரண்டு கால் பெருவிரல்களிலும் மாட்டிக்கொள்வாள்; கால் அதுபாட்டுக்கு ஆட்ட, கை அரிசி புடைக்கும்.

"இருபத்திரெண்டு வருசமா ஒரு புள்ளகூட எங்கிட்ட கீழ விழுந்ததில்ல" என்று அடிக்கடி பீற்றிக்கொள்வாள். பீற்றலானாலும் உண்மைதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லொறியில் நாற்பது பேர் ஹட்டனுக்குப் பேய்ப்படம் பார்க்கப் போனார்கள். செத்துப்போன குழந்தையின் ஆவி பிடித்த ஒரு சிறுமியின் கதை. படத்தில் ஆளில்லாத அறையில் தொட்டில் தானாக ஆடும். மூலையில் உட்கார்ந்து சிறுமி அதைப் பார்த்துச் சிரிப்பாள். பெண்கள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். காளியாயி மட்டும் கடலை கொறித்தபடி, "உள்ள புள்ள இருந்தா இப்பிடியா ஆடும்? எவனோ கயிறக் கட்டி இழுக்குறான்" என்று சத்தமாகச் சொல்லி, முன்வரிசைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைக்காம்பராவிலேயே ஒரு வெறுந்தொட்டில் ஆடியது.

அது வீரம்மாவின் பச்சைச் சேலைத் தொட்டில். அதில் கிடந்த பெண்குழந்தை காய்ச்சலில் போய் மூன்று வாரமாகியிருந்தது. பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த பெண்கள் அது ஆடுவதைப் பார்த்தார்கள். காளியாயி பின்பக்கம் கஞ்சி கிண்டப் போயிருந்தாள்; தொட்டில் பக்கத்தில் யாருமில்லை. எதிர்மூலையில் வீரம்மாவின் மூத்தவள், ஐந்து வயதுப் பூவாயி, தொட்டிலையே பார்த்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு வெளியே ஓடினார்கள். மாலைக்குள் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்க அதே பேச்சு.

கங்காணி நல்லமுத்து உடனே முடிவெடுத்தார். வெள்ளிக்கிழமை கோடாங்கியை வரவழைத்துச் சாட்டையும் புகையுமாகப் பேயோட்டுவது. போன வருஷம் தோட்டத்தின் மேல் டிவிசனில் அதே கோடாங்கி போட்ட மிளகாய்ப் புகையில் ஒரு பெண்ணுக்கு ஒரு கண் போயிற்று. அது தெரிந்தும் வீரம்மா தலையாட்டிவிட்டாள்.

"இருக்கிற ஒன்னையாவது காப்பாத்தணும் ஆயா" என்றாள். குழந்தை செத்ததிலிருந்து அவள் அழவும் இல்லை, அதிகம் பேசவும் இல்லை.

"பேயாவது பிசாசாவது, நான் பாத்துக்கிறேன்" என்றாள் காளியாயி. மறுநாள் கஞ்சி கிண்டப் போவதுபோல் போய், கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். விஷயம் உடனே விளங்கிவிட்டது. பூவாயியின் கால் பெருவிரலில் கோதுமை மா மூட்டை தைத்த நூல். அது சுவரோரமாக, பாய்க்கடியில் ஓடித் தொட்டிலில் முடிந்திருந்தது. ஆயாவைப் பார்த்துப் பழகிய வித்தை. காளியாயிக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் முணுமுணுப்பு காதில் விழுந்தது.

"தூங்கு பாப்பா. நீ தூங்குறன்னு ஆயா சொன்னாங்க. எந்திரிக்க ரொம்ப நாளாகும்னாங்க."

சொன்னவள் காளியாயியேதான். குழந்தையை ஆண்கள் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போன அன்று, தங்கச்சி எங்கே என்று கத்திய பூவாயியை அடக்க வாய்க்கு வந்ததைச் சொன்னாள். செத்த பிள்ளையின் தொட்டிலை அன்றைக்கே அவிழ்த்துவிடுவதுதான் வழக்கம். பூவாயி அதன் கீழேயே குந்தியிருந்ததால் காளியாயி கை வராமல் விட்டுவிட்டாள். அந்தப் பொய்தான் இப்போது பிள்ளையைக் கோடாங்கியிடம் கொண்டுபோகிறது. பயம் என்பது இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. பெண்கள் பயந்து வாசலிலேயே நின்றார்கள். கங்காணியும் வந்திருந்தார். காளியாயி பூவாயியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தொட்டிலிலிருந்து அறுத்து, பிள்ளையின் விரலிலேயே தொங்கிய நூலை எல்லோருக்கும் எடுத்துக் காட்டினாள்.

"இந்தப் புள்ளைய ஒரு பேயும் புடிக்கல. தங்கச்சி தூங்குதுன்னு நான் சொன்ன பொய்ய நம்பி ஆட்டிக்கிட்டு இருக்கு. தப்பு எம்மேல."

"அப்ப கோடாங்கிக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் நல்லமுத்து.

"சாட்டைய எடுத்துக்கிட்டு எங்கிட்ட வரச் சொல்லுங்க. புள்ள மேல புகை பட்டுச்சுன்னா நான் தோட்டத்துத் தொரைகிட்டயே போயிருவேன்."

காளியாயி உள்ளே போய்ப் பச்சைச் சேலையை அவிழ்த்து, வெளியே வந்து, பெண்களோடு நின்ற வீரம்மாவின் கையைப் பிடித்தாள். "வா, புள்ளையப் பொதச்ச எடத்தப் பாத்துட்டு வருவோம்."

"பொம்பளைங்க அங்க போற வழக்கம் இல்லியே" என்றார் கங்காணி.

"வழக்கம் இல்லாமத்தான் கங்காணியாரே, புள்ள எங்க இருக்குன்னு பெத்தவளுக்கே தெரியல."

ஆற்றோரத்துத் தேயிலைக்கு நடுவே சின்ன மண்மேடு. இடத்தை ஆண்களிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். காளியாயி பூவாயியை இறக்கிவிட்டு, அவள் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னாள். "பாப்பா செத்துப்போச்சும்மா. இங்கதான் பொதச்சிருக்கு. இனி எந்திரிக்காது. ஆயா பொய் சொல்லிட்டேன்."

பூவாயி ஆயாவின் கையிலிருந்த சேலையை வாங்கி மேட்டின்மேல் விரித்தாள். காற்றில் தூக்காமல் மூலைக்கொரு கல் வைத்தாள். அதைப் பார்த்த வீரம்மா அங்கேயே உட்கார்ந்து, மூன்று வாரத்து அழுகையையும் அழுதாள்.

அதற்குப் பின் காளியாயி எட்டு வருஷம் வேலை பார்த்தாள். தம்பி தங்கையைப் பறிகொடுத்த எந்தப் பிள்ளையிடமும் பொய் சொன்னதில்லை. கையைப் பிடித்து ஆற்றோரம் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அன்றைக்கு மண்மேட்டருகே, அம்மா அழுது முடிக்கும்வரை பூவாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பெருவிரலில் சிவந்து பதிந்திருந்த நூலை மெல்ல அவிழ்த்து, சுருட்டி, காளியாயியிடம் நீட்டினாள்.

"இந்தாங்க ஆயா. மத்த பாப்பாவுக்கு ஆட்டுங்க."