சுவரோரத்து நாவல்

புருசனுக்கு அழாதவள் மரத்துக்கு அழுதாளாம்! யார் கண்டது? மெற்றில்டா இரண்டுக்கும் அழவில்லை. புருசன் கிளறன்ஸ் செத்த கிழமையே அவனுடைய சேட்டுகளை வெட்டி மகளுக்குக் கவுன் தைத்தவள் அவள். அழ நேரமில்லை, அவ்வளவுதான். அது கல்நெஞ்சென்றால், இந்தக் கொட்டாஞ்சேனை ஒழுங்கைச் சந்துக்கு இன்னும் நாலு கல்நெஞ்சு தேவை.

முகத்துவாரத்திலிருந்து கலியாணம் கட்டி வரும்போது அவள் கொண்டுவந்தது ஒரு தையல் மெசினும் இரண்டு நாவல் கன்றுகளும். ஒன்றைப் பொதுக் குழாயடியில் வைத்தாள். மற்றதுக்கு இடமில்லை. தன் வாசலுக்கு எதிரே, சுவரோரம், கல்லும் ஓட்டுத் துண்டும் கிடந்த தரையைக் கிண்டி நட்டாள்.

குழாயடிக் கன்றுக்கு ராசயோகம். மீன் கழுவின தண்ணி, அரிசி கழுவின தண்ணி எல்லாம் அதற்குத்தான். மளமளவென்று கூரைக்கு மேலே போய்விட்டது. சுவரோரத்துக் கன்றோ வருசக்கணக்காய் இடுப்பளவைத் தாண்டவில்லை.

"என்னக்கா, மரம் வளக்கிறீங்களோ, கறிவேப்பிலை வளக்கிறீங்களோ?" என்று பக்கத்து வீட்டு பிறிஜெற் சிரிப்பாள்.

"அதுக்கு அவசரமில்லை. உனக்கென்னடி அவசரம்?"

பிறகொரு மாரிக் காற்றில் குழாயடி மரம், அதே ஒழுங்கையில் இருக்கும் புவாத்தின் ஆட்டோ மேல் சரிந்தது. தண்ணி காலடியிலேயே கிடைத்த வேர் ஆழம் போகவேயில்லை. முறிந்த கொப்பை நகத்தால் கிள்ளலாம், அவ்வளவு மெது. அதுக்குள் மெல்ல மெல்லக் கூரை மட்டத்துக்கு வந்திருந்த சுவரோரத்து மரம் அன்றைக்கு நாலு இலை உதிர்த்ததோடு சரி. தண்ணி தேடிக் கல்லுக்குள்ளால் அது எவ்வளவு தூரம் இறங்கியிருந்ததோ!

விழுந்தது ஒன்று, பழி மற்றதுக்கு. இதுவும் விழும் என்று ஒழுங்கையே பயந்தது. மெற்றில்டா மகளைப் பார்க்க வத்தளைக்குப் போன நேரம், ஒழுங்கைச் சங்கத் தலைவர் தியாகராசா மரத்தைச் சுற்றி அடியை ஒட்டக் கொங்கிறீற் போடுவித்தார்.

"வெட்டேல்லையே அக்கா, பேந்தென்ன?" என்றார், அவள் திரும்பி வந்து கேட்டபோது.

"மூக்கையும் வாயையும் பொத்திப்போட்டு, கழுத்தை வெட்டேல்லை எண்டு சொல்லுறீங்களோ?"

கொங்கிறீற்றை உடைத்து எடுக்கச் சொன்னாள். திருநாள் முடியட்டும் என்றார். திருநாள் முடிந்தது. மழை முடியட்டும் என்றார். மழையும் முடிந்தது. மரம் நுனியிலிருந்து காயத் தொடங்கியது.

மெற்றில்டா புவாத்திடம் போய்ப் பாரமான இரும்பு அலவாங்கு கேட்டாள். சீமெந்து உடைக்க வேறென்ன இருக்கிறது?

"ஆன்ட்டி, ஒங்கட மரம்தானே என்ட ஆட்டோவ ஒடச்சது?"

"அது நீங்கள் எல்லாரும் ஊட்டி வளர்த்த மரம். இது நிண்ட மரம்."

புவாத் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான்.

இரவில் உடை, ஒருத்தருக்கும் தெரியாது என்று மகள் போனில் சொன்னாள். களவாய்ப் போட்டது அவர்கள். களவாய் உடைக்க மெற்றில்டாவுக்கு என்ன தலையெழுத்து? ஞாயிறு பூசை முடிந்து, தியாகராசா முதற்கொண்டு சனமெல்லாம் ஒழுங்கையில் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, வெளிய வராதேங்கோ, எல்லாரும் பாக்கினம்!" என்று பதறினாள் பிறிஜெற்.

"அதுக்குத்தானேடி இவ்வளவு நேரம் இருந்தனான்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவை விரியத் திறந்து வெளியே இறங்கினாள் மெற்றில்டா.