கொசுக்களுக்குப் போன திராட்சை

கொசுக்களோடு எனக்கு இருப்பது பங்காளிச் சண்டை. பெங்களூர் ஹெப்பகோடியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் விளக்கு வைக்கும் நேரமானால் வீட்டுக்கு வீடு கொசு மட்டை சடசடக்கும். மற்றவர்கள் கடி தாங்காமல் அடிக்கிறார்கள். நான் கடிக்காத கொசுவையும் கட்டிலுக்கு அடிவரை துரத்திப் போய் அடிக்கிறவன். "ஏங்க, அதுங்க உங்க சொத்தையா எழுதி வாங்கிடுச்சு?" என்று கேட்பாள் என் மனைவி. சொத்து இல்லை. அம்மா.

அப்போது எனக்கு ஏழு வயது. ஜோகுபாளையத்தில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை வீடு. அப்பாவுக்கு லேத் வேலை. நான் ஒரே பிள்ளை. ஒரே பிள்ளைக்கு உண்டான சகல அதிகாரங்களோடும்தான் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தேன், அம்மாவுக்கு ஒரு சங்கத்தில் வேலை கிடைக்கும்வரை.

எங்கள் தெருவில் சங்கம் என்றால் பிள்ளையாருக்கு வசூல் செய்வது, பந்தல் போடுவது, பந்தலைப் பிரிக்கும்போது மண்டையை உடைத்துக்கொள்வது. இது வேறு மாதிரிச் சங்கம். வெப்ப நாடுகளில் வரும் நோய்களை ஆராயும் டாக்டர்கள் சேர்ந்து நடத்துவது. வருஷத்துக்கு ஒரு தடவை கூடி மலேரியாவைப் பற்றியும் யானைக்காலைப் பற்றியும் கட்டுரை படித்துவிட்டு, ஒருவரை ஒருவர் அடிக்காமல் கலைந்து போவார்கள் என்று அப்பா ஆச்சரியத்தோடு சொல்வார். ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களில் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து டாக்டர்களை வரவழைத்து இங்கே கற்றதைக் காட்டுவார்கள், அங்கே கற்றதைக் கேட்டுக்கொள்வார்கள். இதோடு அல்சூர் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்க்க ஓர் அறையும் வைத்திருந்தார்கள்.

ஆமாம், கொசு வளர்க்க. மருந்தில் நனைத்த வலையைக் கிராமங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்த வலையில் உட்கார்ந்த கொசு சாகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வயதும் வம்சமும் தெரிந்த கொசு வேண்டும். சாக்கடைக் கொசுவின் வம்சத்தை யார் கண்டது? ஆகவே அந்த அறையில் தலைமுறை தலைமுறையாக ஒரே குலத்தை வளர்த்தார்கள். வளர்த்த தற்காலிக ஊழியர் என் அம்மா.

இதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். "பெங்களூர்ல கொசுவை வளக்கணுமா? அது தானா வளராதாடா?" என்று சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் கொசு ஆயா மகன்.

கிண்டலைப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. பள்ளி விட்டதும் வீட்டில் ஆள் இல்லாததால் அந்த அறைக்குத்தான் போவேன். உள்ளே எப்போதும் வெந்நீர் வைத்த குளியலறை மாதிரிப் புழுக்கம். எனாமல் தட்டுகளில் தண்ணீர், தண்ணீரில் நெளியும் புழுக்கள். கம்பிச் சட்டத்தில் வலை கட்டிய கூண்டுகளில் பெரிய கொசுக்கள். அம்மா அவற்றைக் கொசு என்று சொல்லவே மாட்டாள். "பசங்களுக்குப் பசி வந்துடுச்சு, செத்த இரு கண்ணு" என்பாள். பசங்க! அந்த வார்த்தை என் வயிற்றுக்குள் எரிந்துகொண்டு இறங்கும்.

புழுக்களுக்கு அம்மா பிஸ்கட்டைப் பொடித்துத் தூவுவாள். வீட்டில் எனக்குப் பிஸ்கட் என்பது காய்ச்சல் வந்தால் மட்டும். ஒருநாள் திருடித் தின்றேன். அது நாய்களுக்கான பிஸ்கட் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் தின்றேன், ருசிக்காக அல்ல, உரிமைக்காக. அதைவிடக் கொடுமை, பெரிய கொசுக்களுக்குத் திராட்சை. பாயசத்தில் ஒன்றிரண்டு மிதந்தால் அப்பாவும் நானும் கரண்டியால் போட்டி போடும் அதே உலர்ந்த திராட்சை. தண்ணீரில் ஊறவைத்து, உப்பியதும் கூண்டுக்குள் வைப்பாள். கொசு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து உறிஞ்சுவதைப் பார்த்தால் பண்ணையார் தோற்றார்.

சாயங்காலம் கருப்புத் திரையை இழுத்துவிட்டு அம்மா இடது பக்க ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொள்வாள். கூண்டின் பக்கவாட்டில் தொங்கும் துணிக்குழாய் வழியாகக் கையை உள்ளே விடுவாள். அவ்வளவுதான், மொய்த்துவிடும். கை மேல் கருப்பாக ஒரு கூட்டம், அதன் நடுவே அம்மாவின் பொறுமையான முகம்.

"ஏம்மா எல்லாத்துக்கும் குடுக்கற?"

"எல்லாத்துக்கும் எங்க? பொம்பளைங்க மட்டும்தான் ரத்தம் குடிக்கும். முட்டை போடறவளுக்குச் சத்து வேணாமா?"

இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசனையுள்ள சோப்பு, பவுடர், பூ எதுவும் அம்மாவுக்குக் கிடையாது என்பதுதான். வாசனை பட்டால் பசங்க கடிக்க மாட்டார்களாம். பக்கத்து வீட்டுப் பையனின் அம்மா அவனைக் கட்டிக்கொண்டால் சந்தன சோப்பும் மல்லிகையும் மணக்கும். என் அம்மாவைக் கட்டிக்கொண்டால் வெறும் அம்மா வாசனை. அந்த வாசனைகூட எனக்காக இல்லை, அதுகளுக்காக.

ஒருநாள் பொங்கிவிட்டேன். "நான் வேணுமா, அதுங்க வேணுமா?" என்று கதவருகே நின்று கத்தினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. வெளியே ஓடிப்போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள். என் கேள்வியின் வேகம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அறைப் பொறுப்பாளரிடம் அம்மா சொன்னது என் காதில் தேனாகப் பாய்ந்தது: "இனிமே என்னால கை குடுக்க முடியாது சார். ரொம்ப அரிக்குது."

நான் ஜெயித்துவிட்டேன்! அன்று பஸ்ஸில் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, எதிரில் வந்த எல்லாக் கொசுக்களுக்கும் தெரியும்படி உட்கார்ந்து வந்தேன்.

பொறுப்பாளர் கன்னடக்காரர், கல்யாணமாகாதவர். என்னைப் பார்த்தால் "ஏனோ மரி, ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரிக்கும் நல்ல மனிதர். அம்மாவுக்குப் பதிலாக அவரே கை கொடுத்தார். ஆனால் தலைக்கு வாசனை எண்ணெய் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. கொசுக்கள் வேண்டா வெறுப்பாகக் கடித்தன. முட்டை குறைந்தது. தட்டுகளில் நெளிசல் குறைந்தது. பங்காளி வீட்டில் அடுப்பெரியவில்லை என்ற செய்தியைப் போல அதை நான் ரசித்தேன்.

அந்த நேரத்தில்தான் சங்கத்திலிருந்து ஆள் வரப்போவதாகத் தகவல் வந்தது. சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "ரூமைப் பார்த்துட்டுத் தொடர்ந்து நடத்தலாமா, மூடிடலாமான்னு முடிவு பண்ணுவாங்களாம். நடத்தினா என்னை நிரந்தரம் பண்றேன்னு சார் சொன்னாரு."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டார். "மூடிட்டா? இந்த நேரத்துல போயி வேலை இல்லன்னா…"

"அது அவங்களுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா வீட்டுக்குப் போன்னு இப்பவே அனுப்பிடுவாங்க. நீங்க வாயை வெச்சிக்கினு சும்மா இருங்க."

தெரியக் கூடாத விஷயம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொசுக்களை நான் தோற்கடித்த விஷயம்தான். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

சங்கத்திலிருந்து வந்தவர்களில் முக்கியமானவர் வேலூர் பக்கத்து டாக்டரம்மா ஒருவர். நரைத்த கொண்டை, கட்டமிட்ட காட்டன் புடவை, எதையும் இரண்டு தடவை பார்க்கும் கண். அவர் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய சிலர். நான் மூலையில் முக்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். அம்மா கூண்டுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்பவளைப் போல நின்றாள்.

"முட்டை ஏன் குறைஞ்சிருக்கு? கடிக்கிறதைக் காட்டுங்க பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

பொறுப்பாளர் கையை உள்ளே விட்டார். விருந்தாளிகள் வருகிறார்களே என்று அன்று எண்ணெயோடு செண்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார் மனிதர். ஒரு கொசுகூட அந்தக் கையில் உட்காரவில்லை. கழுத்துப்பட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா மட்டும் கையைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்த்தார். கொசுக்கள் எல்லாம் ஒரே பக்கத்து வலையில் அப்பிக்கொண்டிருந்தன, அம்மா நின்ற பக்கம்.

"நீ கொஞ்சம் இந்தப் பக்கம் வாம்மா."

அம்மா நகர்ந்தாள். கொசுக்களும் நகர்ந்தன.

"இப்ப அந்தாண்ட போ."

அங்கேயும் போயின. நாங்கள் இத்தனை பேர் இருக்கும் அறையில் அதுகளுக்கு அம்மா மட்டும்தான் வேண்டியிருந்தது. "மூச்சும் உடம்புச் சூடும் கூடினவங்களைத்தான் இதுங்க இப்படித் தேடும்" என்று முணுமுணுத்தபடி டாக்டரம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கிட்டே போய் அவள் காதில் ஏதோ கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். பசங்க அழுது கேட்கிறார்கள், டாக்டரம்மா சிபாரிசு செய்கிறார், அம்மாவின் மனசு இளகிவிட்டது, மறுபடியும் கை கொடுக்கச் சம்மதித்துவிட்டாள்!

முக்காலியிலிருந்து பாய்ந்தேன். பொறுப்பாளர் கையை எடுத்த துணிக்குழாயில் என் கையைத் தோள்வரை விட்டேன். தியாகம் என்று யாராவது நினைத்தால் தவறு. அம்மாவின் ரத்தத்தைக் குடித்தால் அதுகளும் அவள் பிள்ளைகள்தானே. அந்த உறவை வெட்ட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான்.

"ஐயோ தேவரே! கை தெகியோ!" என்று பொறுப்பாளர் அலறியபடி என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் பசி கிடந்த கூட்டம் வேலையை முடித்திருந்தது. முழங்கைவரை தடிப்பு.

அப்போதுதான் எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். பல நாள் பார்த்த படம்தான். கொசு கடித்த மனிதன் ஒருவன் முதல் கட்டத்தில் கம்பளிக்குள் நடுங்குவான், இரண்டாவதில் காய்ச்சலில் சிவப்பான், மூன்றாவதில் வியர்வையில் நனைவான். அதற்கப்புறம் கட்டம் இல்லை. ஏன் இல்லை என்று அந்த நொடியில் விளங்கியது.

நடுங்கினேன். உடனே உடம்பு கொதித்தது. உடனே வியர்த்தது. அந்த மனிதன் பல மணி நேரத்தில் முடித்ததை நான் நின்ற இடத்திலேயே முடித்தேன். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "அம்மா, என் பம்பரத்தைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு மட்டும் குடுத்துடாதே" என்று கடைசி ஆசையைத் தெரிவித்தேன். "கோலியை வேணா குடு. உடைஞ்சதை."

அம்மா ஓடிவந்து என்னை மடியில் போட்டுக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா குனிந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுந்திருடா ராஜா. நோயாளியைக் கடிச்ச கொசுதான் நோயைக் கொண்டாரும். இதுங்க இந்த ரூம்லயே பொறந்து வளர்ந்ததுங்க, ஒரு நோயாளியையும் பார்த்ததில்ல. உன்கிட்ட எதுனா இருந்தா அதுங்கதான் இப்ப பயப்படணும்."

அறையே சிரித்தது. செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு டாக்டரம்மா கழுத்துப்பட்டைக்காரர்களிடம் திரும்பி இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். பேச்சின் நடுவே என் கையையும் அம்மாவின் கையையும் காட்டினார். கடைசியில் எங்களுக்குத் தமிழில் சொன்னார். அந்த அறையில் இனி யாரும் கை கொடுக்கக் கூடாது. அடியில் மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குப்பியில் ரத்தத்தை வெதுவெதுப்பாக வைத்தால் கொசு அதைக் குடித்துக்கொள்ளும். அந்தக் கருவியைச் சங்கம் வாங்கித் தரும். அறையும் தொடரும்.

"உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்று அம்மாவின் தோளில் கை வைத்தார். "நடுவுல கொஞ்ச நாள் வீட்ல இருக்க வேண்டி வரும்ல? இருந்துட்டு வா. வேலை எங்கயும் போகாது."

நடுவில் கொஞ்ச நாள் வீட்டில்! கொசுக்கடி பட்ட வீரனைக் கவனித்துக்கொள்ள அம்மாவுக்கு லீவு! அந்தச் சங்கத்தின்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அம்மா பூக்காரியிடம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னாலேயே மூக்கை வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். அடுத்த வாரம் அப்பா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் உலர்ந்த திராட்சை. கூண்டிலிருந்து பறித்த என் வெற்றிக்கோப்பை.

அம்மா பங்கு வைத்தாள். எனக்கு ஒரு பிடி. அவளுக்கு ஒரு பிடி. பிறகு அவள் பங்கின் மேலேயே இன்னும் ஒரு பிடி.

"அது யாருக்கு?"

"இன்னொருத்தர் இருக்காங்கல்ல" என்றாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

என் நெஞ்சில் பழைய தீ குப்பென்று பற்றியது. கொசுக்களேதான். இன்னும் விடவில்லை. மறுநாளிலிருந்து அம்மாவின் பையைச் சோதனை போட்டேன், அறையில் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தேன். அம்மாவின் புடவை முன்பக்கம் மாதத்துக்கு மாதம் மேடாகிக்கொண்டே போனது. நான் கூண்டுகளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.